வெள்ளோட்டத்துக்கு வரும் காதுகள்

2024 டிசம்பர் 9-ம் தேதி அமெரிக்காவில் பல கார்களுக்குள் ஒரு சின்னப் பெட்டி ஊமையானது. விபத்தல்ல, முன்கூட்டியே அறிவித்துவிட்டுச் செய்த காரியம். ஸ்பாட்டிஃபை நிறுவனம் 2022-ல் சுமார் 90 டாலருக்கு விற்ற 'கார் திங்' என்ற தொடுதிரைக் கருவி அது. திரை பழுதாகவில்லை, திருகும் தேயவில்லை. கம்பெனி தன் பக்கத்துக் கதவைச் சாத்தியது, அவ்வளவுதான். ரசீது வைத்திருந்தவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது. கருவியைப் பத்திரமாக அப்புறப்படுத்தும்படி ஆலோசனையும் சொன்னது.

காசு கொடுத்து வாங்கிய பொருள் யாருடையது? இந்தக் கேள்விக்குச் சிலர் கோர்ட்டில் பதில் தேடுவார்கள். வேறு சிலர் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுக்கிறார்கள். பாட்டுப் பெட்டியைத் தாங்களே செய்துகொள்ளும் கோஷ்டி இது. சாமான்கள் அதிகமில்லை. சீட்டுக் கட்டு அளவில் ஒரு ராஸ்ப்பெரி பை கம்ப்யூட்டர் (2012-ல் இது முதலில் விற்பனைக்கு வந்தபோது விலை 35 டாலர்), அதன் தலையில் செருகும் ஒரு ஒலி அட்டை, ஒரு தொடுதிரை, ஒரு மெமரி கார்டு. கடைசியாக, இவற்றுக்கு உயிர் கொடுக்கும் சாஃப்ட்வேர். மூட், வால்யூமியோ, பைகோர்பிளேயர் என்று இதில் பல ரகம். பெரும்பாலும் இலவசம்.

அந்த இலவசத்துக்கும் ஒரு விலை உண்டு. அதைச் செலுத்துபவர்கள் சோதனையாளர்கள். புதிய சாஃப்ட்வேர் முழுமையாக வெளிவருமுன் 'பீட்டா' என்ற பெயரில் ஒரு முன்பதிப்பு வரும். கப்பலுக்கு வெள்ளோட்டம் மாதிரி. எழுதியவரின் மேஜையில் இருப்பது ஒரு திரை, ஒரு ஒலி அட்டை. ஊர் உலகத்தில் இருப்பதோ பல நூறு சேர்க்கைகள். அத்தனையையும் ஒருவர் வாங்கி வைத்துப் பார்க்க முடியாது. எனவே வேலை முகம் தெரியாதவர்களின் வரவேற்பறைகளுக்குப் போகிறது. சம்பளம் கிடையாது.

எப்படிப்பட்ட கோளாறுகள் வரும்? தொடுதிரையையே எடுத்துக்கொள்ளலாம். 2015-ல் வந்த ராஸ்ப்பெரி பை திரை 7 அங்குலம், படுக்கைவாட்டில் 800-க்கு 480 புள்ளிகள். 2024 நவம்பரில் வந்த இரண்டாவது திரை இயல்பிலேயே நெட்டுவாட்டம்: 720-க்கு 1280. பாட்டுப் பெட்டிக்குப் படுக்கைவாட்டம்தான் அழகு என்பதால் படத்தைச் சாஃப்ட்வேர் திருப்பிக் காட்ட வேண்டும். படம் திரும்பிவிடும். விரல் படும் இடத்தின் கணக்கு திரும்ப மறந்துவிடலாம். அப்புறம் 'நிறுத்து' என்று தொட்டால் அடுத்த பாட்டுக்குத் தாவும். தூங்கும் திரையை எழுப்பத் தட்டிய அதே தட்டு, கீழே இருந்த பொத்தானையும் அழுத்திவிடுவது இன்னொரு ரகம். இதையெல்லாம் கண்டுபிடிக்க நிபுணர் தேவையில்லை, விரல் போதும்.

சில பிழைகள் வேடிக்கையானவை அல்ல. ஒலியளவைச் சாஃப்ட்வேரே கட்டுப்படுத்தும் பெட்டியில் ஒரு சின்னத் தவறு, மறுமுறை இயக்கும்போது ஒலியை நூற்றுக்கு நூறில் திறந்துவிடலாம். ஸ்பீக்கரும் போகலாம், காதும் பழுதாகலாம். அதனால்தான் அனுபவசாலிகள் புதுப் பதிப்பைப் போட்டதும் முதலில் ஆம்ப்ளிஃபையரின் திருகைக் குறைக்கிறார்கள். அவர்களின் மற்ற விதிகளும் எளியவை. நன்றாக ஓடுகிற மெமரி கார்டைத் தொடாதே, சோதனைக்கு வேறு கார்டு வை. பாட்டுச் சேமிப்பின் ஒரே பிரதியைச் சோதனைப் பெட்டியில் மாட்டாதே. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. திரையின் மூலையில் மின்னல் குறி தெரிந்தால் சாஃப்ட்வேரைத் திட்டாதே, மின்சாரம் போதவில்லை என்று அர்த்தம்.

மின்சாரம் என்றதும் இந்திய வீடுகள் நினைவுக்கு வரும். மெமரி கார்டில் எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் கரண்ட் போனால் அதிலுள்ள கோப்புகள் சிதையலாம். பைகோர்பிளேயர் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. இயங்கத் தொடங்கும்போதே முழுவதையும் தற்காலிக நினைவகத்துக்கு ஏற்றிக்கொள்கிறது. பிறகு கார்டுக்கு அதிக வேலையில்லை, பிளக்கைப் பிடுங்கினாலும் பெரிய நஷ்டம் இராது. வீட்டில் மாதம் பலமுறை மின்வெட்டைப் பார்க்கும் ஒருவர் இதைச் சோதிப்பதற்கும், மின்வெட்டே அறியாத நாட்டில் ஒருவர் சோதிப்பதற்கும் வித்தியாசம் உண்டு.

இந்தியச் சோதனையாளரின் தேவை இதோடு முடியவில்லை. தமிழில் 'கோ' என்ற எழுத்தைக் கம்ப்யூட்டரில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ஒரே குறியாகச் சேர்க்கலாம். அல்லது முன்னால் இரட்டைக் கொம்பு, பின்னால் கால் என இரண்டு குறிகளாகப் பிரிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. இந்தச் சூட்சுமம் தெரியாத சாஃப்ட்வேருக்கு வேறு வேறு. 'கோ'வில் தொடங்கும் பாட்டைத் தேடினால் பாதி கிடைக்கும், பாதி கிடைக்காது. மேற்கத்திய ஆல்பத்தில் பாடகர் பெயர் போதும். சினிமாப் பாட்டில் இசையமைப்பாளர், பாடகர், படம் மூன்றும் வேண்டும். கச்சேரிப் பதிவிலோ ஆலாபனை முடிந்து கீர்த்தனை தொடங்கும் இடத்தில் டிராக் மாறும். நடுவே ஒரு நொடி மௌனம் விழுந்தால் ரசிகர் முகம் சுளிப்பார். எழுதியவர் தமிழ் அறியாதவராக இருந்தால் இவை அவர் கண்ணிலேயே படாது. யாராவது சொன்னால்தான் உண்டு.

சொல்வதிலும் முறை இருக்கிறது. 'வேலை செய்யவில்லை' என்பது புகார். எந்தப் பதிப்பு, எந்த அட்டை, எந்தத் திரை, எதைத் தொட்டபோது, எத்தனை முறைக்கு எத்தனை முறை என்று சொல்வது தகவல். முன்னதைக் கேட்டு எழுதியவர் வருந்தலாம். பின்னதைக் கொண்டுதான் திருத்த முடியும்.

கம்பெனிகள் இதைவிட ஒழுங்காகச் செய்கின்றனவா? 2024 மே மாதம் ஸோனோஸ் நிறுவனம் தன் ஸ்பீக்கர்களை இயக்கும் செயலியை அடியோடு மாற்றியது. அலாரம், ஸ்லீப் டைமர் போன்ற பழகிய வசதிகள் காணாமல் போயின. ஜூலையில் தலைமை நிர்வாகி பேட்ரிக் ஸ்பென்ஸ் மன்னிப்புக் கேட்டார். 2025 ஜனவரியில் பதவியை விட்டார். அந்த வெள்ளோட்டத்தில் பயணிகளும் இருந்தார்கள். அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. பீட்டா என்ற முத்திரையின் நேர்மை இதில்தான் இருக்கிறது: ஆபத்தை முன்னாலேயே சொல்லிவிட்டு, விருப்பமுள்ளவரை மட்டும் ஏற்றிக்கொள்கிறது.

பலனும் கண்கூடு. லாஜிடெக் நிறுவனம் 2006-ல் ஸ்லிம் டிவைசஸ் கம்பெனியை வாங்கியது, 2010-ல் 'ஸ்க்வீஸ்பாக்ஸ் டச்' என்ற தொடுதிரைப் பெட்டியை விற்றது, 2012-ல் அந்த வரிசையையே கைவிட்டது. கார் திங்குக்கு நேர்ந்த கதி இதற்கு நேரவில்லை. காரணம், பாட்டுகளைப் பரிமாறும் சர்வர் சாஃப்ட்வேரின் மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருந்தது. ரசிகர்களே அதை எழுதினார்கள், சோதித்தார்கள், திருத்தினார்கள். 2024-ல் லாஜிடெக் தன் இணைய சேவையையும் மூடியபோது சர்வருக்கு 'லிரியன்' என்று பெயரை மாற்றிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார்கள். கைவிடப்பட்டுப் பத்தாண்டுகளுக்கு மேலாகியும் பழைய பெட்டிகள் பாடுகின்றன.

இதற்காக எல்லோரும் ஸ்க்ரூ டிரைவர் எடுக்க வேண்டியதில்லை. மாலையில் ஒரு பாட்டுக் கேட்டால் போதும் என்பவர், முழுமையான பதிப்பு வரும்வரை காத்திருப்பதே புத்திசாலித்தனம். அது ஒழுங்காக வந்து சேர்ந்தால், யாரோ சிலர் ஒரே பாட்டை இருபது முறை நிறுத்தி, இருபது முறை தொடங்கி, ஒருமுறைகூட முழுதாகக் கேட்காமல் இருந்திருப்பார்கள் என்பது மட்டும் நிச்சயம்.