பாட்டில் ஏற்றினால் பசி தீருமா?

வல்லத்தில் (தஞ்சாவூர் வல்லம் இல்லைங்க, செஞ்சிக்குப் பக்கத்து வல்லம்!) ஒரு வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால் அடுத்து நடக்கப்போவதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். முதல் நாள் சோறு கட். இரண்டாம் நாள் பன்னும் வரக்காபியும். மூன்றாம் நாள் பஸ் ஏறி செஞ்சிக்குப் போய், "டாக்டர், ரொம்ப சோர்ந்து போயிட்டார், ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏத்திடுங்க" என்று கெஞ்சல். பாட்டில் ஏறும். கூட வந்தவர்கள் முகத்தில் நிம்மதி வரும். "அதான் டிரிப்ஸ் ஏறுதே, இனிமே சாப்பாடு எதுக்கு?"

வல்லம் என்ற பெயரை எடுத்துவிட்டுத் தமிழ்நாட்டின் எந்த ஊர்ப் பெயரைப் போட்டாலும் இந்தக் கதை பொருந்தும். அந்த நிம்மதி பொய் நிம்மதி என்பதுதான் விஷயம்.

கணக்கு ரொம்பச் சுலபம். அரை லிட்டர் பாட்டிலில் இருப்பது 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் என்றால், உள்ளே இருக்கும் சர்க்கரை 25 கிராம். அதாவது சுமார் 85 கலோரி. இரண்டு சின்ன இட்லி! புரதம் சுத்தமாகக் கிடையாது. சலைன் பாட்டில் என்றால் அந்த 85-ம் இல்லை, வெறும் உப்புத்தண்ணீர். 50 கிலோ எடையுள்ள நோயாளிக்கு ஒரு நாளைக்குக் குறைந்தபட்சம் 1,250 கலோரியாவது வேண்டும். பாட்டிலிலேயே அதைக் கொடுக்க வேண்டுமானால் 15 பாட்டில், ஏழரை லிட்டர் ஏற்ற வேண்டும். பசி தீருவதற்குள் ஆளே மூழ்கிவிடுவார்.

டிரிப்ஸே தப்பு என்று இதற்கு அர்த்தம் இல்லை. வாந்தி பேதியில் உடம்பு வறண்டவருக்கும், டெங்குவில் ரத்த அழுத்தம் விழுந்தவருக்கும் அதுதான் உயிர். ஆனால் அது தண்ணீர். சாப்பாடு அல்ல.

"ரெண்டு நாள் பட்டினி கிடந்தா என்ன? ஏகாதசி விரதம் இருக்கிறதில்லையா?" என்று ஒரு கேள்வி வரும். இங்கேதான் எல்லாரும் சறுக்குகிறார்கள். விரதமும் காய்ச்சல் பட்டினியும் ஒன்றல்ல. ஆரோக்கியமானவர் பட்டினி இருந்தால் உடம்பு சிக்கனத்துக்கு மாறும். செலவைக் குறைக்கும், கொழுப்பை எரிக்கும், நாளாக ஆகத் தசையைக் கரைப்பதையும் குறைத்துக்கொள்ளும். கடுமையான தொற்றோ, பெரிய காயமோ, அறுவை சிகிச்சையோ வந்தால் அந்தச் சிக்கனம் நடக்காது. ஒரு டிகிரி செல்சியஸ் காய்ச்சல் ஏறினால் உடம்பின் எரிபொருள் செலவு பத்து சதவீதத்துக்கு மேல் கூடும். அதே நேரத்தில் அழற்சியைக் கிளப்பும் சைட்டோகைன்கள் பசியை அணைத்துவிடும். செலவு அதிகம், வரவு பூஜ்யம். பற்றாக்குறையை ஈடுகட்ட உடம்பு தன் தசையையே கரைக்கும்.

செஞ்சிக் கோட்டைக்குப் போனவர்கள் அங்கே இருக்கும் நெற்களஞ்சியங்களைப் பார்த்திருப்பார்கள். 1690 முதல் 1698 வரை முகலாயப் படை முற்றுகையிட்ட கோட்டை அது. முற்றுகையில் வீரர்களைக் காப்பாற்றுவது மதில் மட்டுமல்ல, களஞ்சியமும்தான். உடம்பின் களஞ்சியம் தசை. எதிர்ப்புச் சக்திக்கான புரதங்களுக்கும் காயம் ஆறுவதற்கும் கச்சாப்பொருள் அங்கிருந்துதான் போகிறது. ஒரு கிராம் நைட்ரஜன் சிறுநீரில் போனால் சுமார் 30 கிராம் தசை போனதாகக் கணக்கு. கிளாஸ்கோவில் டேவிட் கத்பெர்ட்சன் 1930-களிலேயே இதைக் கண்டார். கால் எலும்பு முறிந்து படுத்தவர்களின் சிறுநீரில் நைட்ரஜன் கொட்டியது, வெறுமனே படுத்துக் கிடப்பதால் போவதைவிட அதிகமாக. 2013-ல் வெளியான ஓர் ஆய்வுக்காக லண்டன் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 63 நோயாளிகளின் தொடைத்தசையை அளந்து பார்த்தபோது, பத்தே நாளில் சராசரியாக 17.7 சதவீதம் சுருங்கியிருந்தது.

"காய்ச்சல் விட்டும் எழுந்து நடக்க முடியலையே" என்று சொல்பவர் நடிக்கவில்லை. களஞ்சியம் காலி.

சரி, அப்படியானால் முதல் நாளே வாயில் திணித்துவிடலாமா? கூடாது. எதிர்த்தரப்பிலும் நியாயம் இருக்கிறது, அதை மறைத்துப் பேசக்கூடாது. பெல்ஜியத்தில் 4,640 தீவிர சிகிச்சை நோயாளிகளிடம் நடந்து 2011-ல் வெளியான எப்பாநிக் ஆய்வில், நரம்பு வழிச் சத்துணவை உடனே தொடங்கியவர்களைவிட ஒரு வாரம் தள்ளித் தொடங்கியவர்களே சீக்கிரம் தேறினார்கள். அழற்சி உச்சத்தில் இருக்கும்போது உடம்பு கொடுப்பதை எல்லாம் வாங்கிக்கொள்வதில்லை. முதல் ஓரிரு நாள் பசியின்மைக்கு ஒரு காரணம் இருக்கலாம்.

ஆனால் இது வென்டிலேட்டரில் கிடக்கும் உயிருக்கான பாடம். இதைச் சாதாரண வார்டில் பன் தின்றுகொண்டு எட்டு நாள் படுத்திருப்பவருக்குச் சாக்காகக் காட்ட முடியாது. அவருக்கான பதில் சுவிட்சர்லாந்தில் இருந்து 2019-ல் வந்தது. எட்டு மருத்துவமனைகளில் சத்துக்குறைவு அபாயம் உள்ள 2,000-க்கும் மேற்பட்ட நோயாளிகள். ஒரு பாதிக்கு வழக்கமான மருத்துவமனைச் சாப்பாடு, மறுபாதிக்கு ஆளுக்கேற்ப அளந்து கொடுத்த உணவு. 30 நாளில் இறந்தவர்கள் முதல் குழுவில் 10 சதவீதம், இரண்டாவதில் 7 சதவீதம். புதிய மருந்து எதுவும் இல்லை, சாப்பாடுதான்! அழற்சி மிகக் கடுமையாக இருந்தவர்களிடம் மட்டும் இந்தப் பலன் தெளிவாகத் தெரியவில்லை.

வெள்ளைக்காரன் ஊர் ஆய்வு எதற்கு என்பவர்களுக்கு உள்ளூர்க் கதையே இருக்கிறது. காசநோய் நீண்டகால அழற்சி. சில நாள் காய்ச்சலில் நடப்பதைப் போன்ற தசைத் திருட்டு அங்கே மாதக்கணக்கில் நடக்கும். 1959-ல் வெளியான சென்னை ஆய்வு, சானடோரியத்தில் நல்ல சாப்பாட்டோடு இருந்தவர்களும் வீட்டில் எளிய உணவோடு மருந்து எடுத்தவர்களும் ஏறக்குறைய ஒரே மாதிரி குணமானதைக் காட்டியது. மருந்தின் வலிமையைக் காட்டிய அருமையான ஆய்வு. ஆனால் "அப்போ சாப்பாடு முக்கியமில்லை" என்று அதற்கு அர்த்தம் பண்ணிக்கொண்டவர்கள் உண்டு. அதை ஆட்டம் காண வைத்தது ஜார்க்கண்டில் 2019 முதல் 2022 வரை நடந்த 'ரேஷன்ஸ்' ஆய்வு. நோயாளிகளில் ஐந்தில் நான்கு பேர் சத்துக்குறைவானவர்கள். மருந்தோடு மாதாமாதம் உணவுப் பொட்டலமும் கொடுத்தார்கள். முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் கூடியவர்களுக்கு மரண அபாயம் 61 சதவீதம் குறைவாக இருந்தது. 2022 ஏப்ரலில் தமிழ்நாடு தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம், நோயாளியின் உயரம், எடை, கால் வீக்கம், மூச்சு வேகம், துணையில்லாமல் நிற்க முடிகிறதா என்பதை எல்லாம் பார்க்கச் சொன்னது. மிகவும் மெலிந்திருப்பதே மருத்துவமனையில் சேர்க்க ஒரு காரணமானது.

காசநோய்க்கு எடை பார்க்க முடிகிறது என்றால் நிமோனியாவுக்கு ஏன் முடியாது?

கேட்பது பெரிய விஷயமும் இல்லை. சேரும்போது ஒரு எடை, கிளம்பும்போது ஒரு எடை. தட்டில் வைத்ததில் எவ்வளவு உள்ளே போனது என்று சீட்டில் ஒரு வரி. டிரிப்ஸ் போடும்போது "இது தண்ணிதாம்மா, சாப்பாட்டை நிறுத்திடாதீங்க" என்று ஒரு வாக்கியம். இதற்கு ஸ்கேன் மெஷின் வேண்டாம், கோடி ரூபாய் வேண்டாம்.

வீட்டிலும் 'லங்கணம் பரம ஔஷதம்' பழமொழிக்கு ஓய்வு கொடுக்கலாம். 50 கிலோ நோயாளிக்குத் தேறும் காலத்தில் ஒரு நாளைக்குச் சுமார் 60 கிராம் புரதம் வேண்டும். பன்னிலும் வரக்காபியிலும் அது வராது. ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் அதே அளவு. செஞ்சி வட்டாரத்தில் விளையும் மல்லாட்டையில் நூறு கிராமுக்கு 25 கிராம்! குழைந்த பருப்புச் சோறு, முட்டை, தயிர், மல்லாட்டைத் துவையலோடு இட்லி என்று இரண்டு மணிக்கு ஒரு முறை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் போதும். ஆயிரம் ரூபாய் புரோட்டீன் டின் கட்டாயமில்லை. (சிறுநீரகம், ஈரல் கோளாறு உள்ளவர்கள், சர்க்கரை நோயாளிகள், பல நாள் பட்டினி கிடந்தவர்கள் டாக்டரிடம் கேட்டே தொடங்க வேண்டும். மயக்கத்தில் இருப்பவர் வாயில் எதையும் ஊற்றவே கூடாது.)

அடுத்த முறை வார்டில் படுத்திருப்பவரைப் பார்க்கப் போகிறவர்கள், பாட்டில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று நிமிர்ந்து பார்ப்பதற்கு முன்னால், தட்டில் எவ்வளவு மீந்திருக்கிறது என்று குனிந்து பார்க்கட்டும்.