டேப்பை நம்பாதே, ஃப்ளேரை நம்பு!



"ஒழுகுதா? நாலு சுத்து டேப் சுத்தி டைட் பண்ணு!" பட்டறைகளில் அடிக்கடி காதில் விழும் வைத்தியம் இது. தண்ணீர்க் குழாய்க்குச் சரி. பிரேக் லைனுக்கு இது வைத்தியமல்ல, விஷம் என்பதே என் கருத்து.

'ஹாட் ராட்' கார்களைப் பற்றிப் படித்தபோதுதான் இது எனக்கு முழுசாக விளங்கியது. அமெரிக்காவின் கலிஃபோர்னியா இளைஞர்கள் பழைய ஃபோர்டு கார்களை வாங்கி, பாரத்தைக் குறைத்து, எஞ்சின் சக்தியைக் கூட்டி, வறண்ட ஏரிப் படுகைகளில் பறக்கவிட்டார்கள். அதில் பேர்போனது 1932 மாடல். அதன் பிரேக் இயங்கியதோ இரும்புத் தண்டுகளால்! ஃபோர்டு கார்களுக்கு ஹைட்ராலிக் பிரேக் வந்ததே 1939 மாடலில்தான். ஆகவே வேகத்தைக் கூட்டியவர்கள் பிரேக்கையும் மாற்ற வேண்டியிருந்தது. மாஸ்டர் சிலிண்டரிலிருந்து சக்கரம் வரை பைப்பைத் தாங்களே வெட்டி, வளைத்து, பூட்டினார்கள்.

"அது அமெரிக்காக்காரன் பொழுதுபோக்கு, நமக்கென்னப்பா?" என்கிறீர்களா? பழைய ஜீப்புக்குப் புது பிரேக் பைப் போடும் நம்மூர்ப் பட்டறைக்கும் இதே விதிதான்.

கணக்கைப் பாருங்கள். 30 அடி உயரத் தண்ணீர்த் தொட்டி தரும் அழுத்தம் சுமார் 13 பி.எஸ்.ஐ. பெடலை ஓங்கி மிதித்தால் பிரேக் லைனில் அது 1000 பி.எஸ்.ஐ.யையும் தாண்டலாம். ஃப்ளேர் இணைப்பில் ஒழுக்கை அடைப்பது மரை அல்ல. நட்டு இழுத்துப் பிடிக்க மட்டுமே. பைப் நுனியின் கூம்பு ஃபிட்டிங்கின் கூம்போடு உலோகத்துக்கு உலோகம் அழுந்துகிறதே, அதுதான் அடைப்பு. மரையில் சுற்றிய டேப்பால் அங்கே ஒரு பயனும் இல்லை. அது பிய்ந்து உள்ளே போய் மாஸ்டர் சிலிண்டரின் சின்னத் துவாரத்தை அடைத்தால், பிரேக் விடாமல் பிடித்துக்கொள்ளும். (டேப்பர் மரை ஃபிட்டிங் வேறு ஜாதி, அதற்கு பிரேக் ஆயிலைத் தாங்கும் பசை தனியாக உண்டு.)

கோணமும் முக்கியம். ஹாட் ராட்களில் இரண்டு வகை கலந்து வரும்: சாதாரண டபுள் ஃப்ளேர் 45 டிகிரி, 'ஏ.என்.' ஃபிட்டிங் 37 டிகிரி. "எட்டு டிகிரிதானே, அட்ஜஸ்ட் ஆயிடும்" என்று முறுக்கினால், மெல்லிய கோட்டளவே தொடும். இன்னும் இழுத்தால் ஃப்ளேர் விரிசல் விடும்.

எனவே என் கோரிக்கை இது: ஆட்டோமொபைல் மாணவர் ஒவ்வொருவரும் டிப்ளமோ வாங்குமுன், பைப்பை நேராக வெட்டி, பிசிறு நீக்கி, நட்டை முதலில் நுழைத்து, ஒரு டபுள் ஃப்ளேராவது தன் கையால் போட வேண்டும். பிறகு ஒருவர் பெடலை அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் ஒவ்வொரு இணைப்பையும் வெள்ளைக் காகிதத்தால் ஒற்றிப் பார்க்கட்டும். ஈரம் பட்டதா? அவிழ்த்துப் பார், தேவையானால் புது ஃப்ளேர் போடு!

ஃப்ளேர் வீணானால் துண்டுப் பைப்தான் போகும். பிரேக் போனால்? அந்த நேரம் ரோட்டைக் கடப்பது நம் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம். சிந்திப்போம்!