மஞ்சள் துணியில் முடிந்த காசு

ஐப்பசி பிறந்ததுமே திருவானைக்காவில் உள்ள அந்த வீட்டில் பரணிலிருந்து பழைய மரத்தொட்டில் கீழே இறங்கியது. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் மகனைக் கிடத்திய தொட்டில். அதைத் துடைத்து, நல்லெண்ணெய் பூசி, கூடத்தில் வைத்தார் தாத்தா. ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், வயது 78. திருமணமாகி ஏழு ஆண்டுகள் காத்திருந்த மகனுக்கும் மருமகளுக்கும் வைகாசியில் ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. பெங்களூரிலிருந்து இரவு ரயிலில் பேத்தி முதல் தீபாவளிக்கு வருகிறாள்.

தாத்தாவின் சிறிய நோட்டுப் புத்தகத்தில் ஒரு பட்டியல் தயாராக இருந்தது. தீபாவளி முடிந்ததும் திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகை சந்நிதியில் தொட்டில் பிரார்த்தனை. கார்த்திகையில் குருவாயூரில் அன்னப்பிராசனம். மார்கழியில் வைத்தீஸ்வரன் கோயில். தைப்பூசத்துக்குப் பழனியில் முடியிறக்குதல். திரும்பும் வழியில் சமயபுரம். ஏழு ஆண்டுகளில் எந்தெந்தத் தெய்வத்திடம் என்னென்ன வேண்டிக்கொண்டாரோ, அவை அனைத்தையும் மூன்றே மாதங்களில் நிறைவேற்றிவிட வேண்டும் என்பது அவர் எண்ணம்.

"குழந்தைக்கு ஐந்து மாதம்தானே ஆகிறது? இவ்வளவு அவசரம் எதற்கு?" என்று பாட்டி கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை.

தீபாவளியன்று வீட்டில் முப்பது பேருக்குக் குறையாமல் கூடியிருந்தனர். விடியலுக்கு முன் பெரியவர்கள் கங்கா ஸ்நானம் செய்தனர். குழந்தையின் உச்சியில் ஒரு துளி எண்ணெய் மட்டும் தொட்டு வைத்த பாட்டி, வெயில் ஏறிய பின்னரே வெந்நீரில் குளிப்பாட்டினார். அந்தமட்டில் எல்லாம் சரியாகவே நடந்தது. ஆனால், வந்தவர் ஒவ்வொருவரும் குழந்தையை வாங்கிக் கொஞ்சினர்; கன்னத்தில் முத்தமிட்டனர். அவர்களுள் இருவருக்குச் சளியும் இருமலும் இருந்தன. தமிழகத்தில் பட்டாசு வெடிப்பதற்குக் காலை 6 முதல் 7 மணி வரையிலும், இரவு 7 முதல் 8 மணி வரையிலும் என இரண்டு மணி நேரமே வரையறுக்கப்பட்டிருக்கிறது. எனினும் அந்தத் தெருவில் நள்ளிரவு வரை புகை அடங்கவில்லை. ஒவ்வொரு வெடிக்கும் குழந்தை கை கால்களை உதறி விழித்து அழுதது.

நான்காம் நாள் இரவு குழந்தைக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. விலா எலும்புகளுக்கு இடையே தோல் உள்வாங்கி உள்வாங்கி எழுவதைக் கண்ட பாட்டி, ஒரு கணமும் தாமதிக்கவில்லை. திருச்சியில் ஒரு மருத்துவமனையில் மூன்று நாள்கள் பிராணவாயு வைக்கப்பட்டது. "பெரியவர்களுக்கு வெறும் ஜலதோஷமாக வந்து போகும் கிருமிதான். இவ்வளவு சிறிய குழந்தையின் மூச்சுக்குழாய் மிகவும் மெல்லியது, வீக்கம் கண்டாலே அடைத்துக்கொள்ளும்" என்றார் மருத்துவர். குழந்தை தேறி வீடு திரும்பியது.

ஆனால், தாத்தா தேறவில்லை. நலம் விசாரிக்க வந்த ஒரு உறவினர், "பழனிக்கு நேர்ந்துகொண்டு இன்னும் போகவில்லை அல்லவா? அதுதான் காட்டிவிட்டது" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சொல் முள்ளாகத் தைத்தது. இனி ஒரு நாளும் பொறுக்கக் கூடாது, அடுத்த வாரமே வண்டி பிடித்துப் பழனிக்குப் போய்விட வேண்டும் என்று அவர் துடித்தார். மருமகள் தொட்டில் அருகே வாய் பேசாமல் நின்றாள். மகன் தந்தையின் முகத்தையும் மனைவியின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

குடும்பத்துக்குப் பல ஆண்டுகளாக வைதிக காரியங்கள் செய்து வைக்கும் சாஸ்திரிகளை அழைத்தார் பாட்டி. வந்தவர், தாத்தா சொன்ன அனைத்தையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

"குழந்தைக்கு நான்காம் மாதத்தில் நிஷ்க்ரமணம், ஆறாம் மாதத்தில் அன்னப்பிராசனம், முதலாம் ஆண்டிலோ மூன்றாம் ஆண்டிலோ சௌளம் என்று மனு ஸ்மிருதி கணக்கு வைத்திருக்கிறதே, எதற்காக?"

தாத்தா விழித்தார்.

"நான்காம் மாதம் வரை குழந்தையை வாசலுக்கே கொண்டுபோகாதே என்பதுதான் அதன் பொருள். ஆறு மாதம் வரை அன்னம் கொடுக்காதே. தலையில் கத்தி வைக்க இன்னும் பொறு. ஒவ்வொரு சம்ஸ்காரமும் ஒரு வாசற்படி. குழந்தையை ஒவ்வொரு படியாக உலகத்துக்குள் அழைத்துவருகிறார்கள். நீங்களோ எல்லாப் படிகளையும் ஒரே தாவலில் தாண்டப் பார்க்கிறீர்கள்."

"நேர்த்திக்கடன் நிற்கிறதே?"

"முருகன் என்ன, கடன் கொடுத்துவிட்டு வாசலில் வந்து நிற்பவனா? பேத்தியைக் கொடுத்தவனே அவளுக்கு நோவையும் கொடுப்பானா? சளி பிடித்தவர்கள் முத்தமிட்டார்கள், குழந்தைக்குச் சளி பிடித்தது. அதற்குத் தெய்வத்தைக் குற்றம் சொல்லாதீர்கள்."

நெடுநேரம் கழித்துத் தாத்தா, மனைவியிடமும் சொல்லாததை அப்போது சொன்னார். "மூன்றாம் ஆண்டு வரை பொறுக்கலாம். அதுவரை நான் இருப்பேனா?"

கூடத்தில் யாரும் பேசவில்லை. அந்த அவசரத்தின் காரணம் அப்போதுதான் எல்லோருக்கும் விளங்கியது. பேரக்குழந்தைகளை வைத்துக்கொண்டு பயணத் திட்டம் போடும் முதியோர் பலரின் நெஞ்சிலும் சொல்லப்படாமல் கிடக்கும் கேள்விதான் அது. காலம் தமக்குக் குறைவாக இருக்கிறது என்பதால், குழந்தையின் காலத்தையும் சுருக்கிவிடுகிறார்கள்.

சாஸ்திரிகள் தாமே எழுந்து பூஜையறைக்குச் சென்றார். "ஒரு மஞ்சள் துணியும் ஒரு ரூபாய்க் காசும் கொண்டு வாருங்கள்" என்றார். உடனே நிறைவேற்ற இயலாத வேண்டுதலுக்குக் காசு முடிந்து வைப்பது நம் முன்னோர் வழக்கம். இன்ன தெய்வத்துக்கு இன்னது செய்கிறேன், காலம் கூடிவரும் வரை பொறுத்தருள வேண்டும் என்று விண்ணப்பித்து முடிச்சிட்டு வைப்பார்கள். வேண்டிக்கொண்டவர் இல்லாமற்போனாலும் அந்த முடிச்சு பிள்ளைகளுக்கு நினைவூட்டும்.

தாத்தா குழந்தையை மடியில் இருத்தி, அதன் விரல்களைக் காசின்மேல் வைத்து, தம் கையால் முடிச்சிட்டார். நோட்டுப் புத்தகத்தில் "பழனி: மூன்றாம் ஆண்டில்" என்று திருத்தி எழுதி மகனிடம் கொடுத்தார். மற்ற நான்கு தலங்களுக்கும் நான்கு காசுகள் முடியப்பட்டன.

கார்த்திகையில் குழந்தைக்கு ஆறு மாதம் நிறைந்தது. குருவாயூருக்கு நெடும்பயணம் வேண்டாம் என்று முடிவாயிற்று. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அன்னப்பிராசனத்துக்கு நம் பெரியோர் வைத்த கணக்கும் அதுவே. வீட்டிலேயே குழைய வடித்த சாதத்தை மசித்து, ஒரு துளி நெய் விட்டு, தாய்மாமன் மடியில் இருத்தி ஊட்டினார்கள்.

மறுநாள் கூட்டமில்லாத காலை வேளையில் அகிலாண்டேஸ்வரி சந்நிதிக்குக் குழந்தையை எடுத்துச் சென்றார்கள். அம்பிகையின் உக்கிரம் தணியும்படி ஆதிசங்கரர் ஸ்ரீசக்ர வடிவான தாடங்கங்களை அணிவித்து, எதிரே பிள்ளையாரையும் பிரதிஷ்டை செய்தார் என்பது தல வரலாறு. பிள்ளையை எதிரில் கண்ட தாய்க்குச் சினம் ஏது? அந்தச் சந்நிதியில் பேத்தி பொக்கை வாய் திறந்து சிரித்தாள். வெளியே வந்தபோது கோயில் யானை அகிலாவைக் கண்டு இமைக்காமல் பார்த்தாள். அரை மணி நேரத்தில் வீடு திரும்பினார்கள். தாத்தாவுக்கு அந்த அரை மணி நேரம் ஐந்து தலங்களைத் தரிசித்த நிறைவைத் தந்தது.

தைப்பூசத்துக்குப் பழனி சென்று வந்த பக்கத்து வீட்டார் பஞ்சாமிர்த டப்பா ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தனர். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பிரசாதம் அது. மலை வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, பேரீச்சை, கற்கண்டு, நெய், ஏலம் ஆகியவற்றுடன் தேனும் சேர்ந்தது. தாத்தா மோதிர விரலால் தொட்டுப் பேத்தியின் உதட்டருகே கொண்டுபோனார்.

"மாமா, கொஞ்சம் பொறுங்கள்" என்றாள் மருமகள். குரல் தயங்கியது. "அதில் தேன் இருக்கிறது. ஒரு வயது முடியும் வரை தேன் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்."

தேனில் சில சமயம் ஒருவகைக் கிருமியின் வித்துகள் இருக்கும். பெரியவர்களின் குடலில் அவை வளர்வதில்லை. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் குடலில் வளர்ந்து நஞ்சை உண்டாக்கி, தசைகளைத் தளரச் செய்துவிடக்கூடும். காய்ச்சினாலும் அந்த வித்துகள் அழிவதில்லை. அரிதாகவே நேர்வது, ஆயினும் நேர்ந்தால் உயிருக்கே ஆபத்து.

"எங்கள் காலத்தில் பிறந்த குழந்தைக்கே தேன் தொட்டு வைத்தார்கள்" என்று தாத்தாவின் நுனி நாக்கு வரை வந்தது. ஜாதகர்மாவிலும் தேனும் நெய்யும் சொல்லப்பட்டிருப்பதை அவர் அறிவார். ஆனால் தீபாவளியை அடுத்த அந்த இரவும் நினைவுக்கு வந்தது. தேச காலத்தை அனுசரித்தே தர்மம் என்பதும் பெரியோர் வாக்குத்தான். விரலைத் தம் வாயில் வைத்துக்கொண்டார். டப்பாவை முருகன் படத்தின் முன் வைத்துவிட்டு, பேத்தியின் நெற்றியில் திருநீறு இட்டார். மருமகளின் கண்கள் கலங்கின. "நீ சொன்னது நல்லதாயிற்று அம்மா" என்றார் அவர்.

இந்தப் பண்டிகைக் காலத்திலும் எத்தனையோ வீடுகளில் தொட்டில்கள் பரணிலிருந்து இறங்கும். குழந்தையைத் தொடுமுன் கை கழுவுவதும், சளி உள்ளவர்கள் விலகி நின்றே கொஞ்சுவதும், நெரிசலான திருவிழா நாளை விடுத்து அமைதியான வேளையில் ஒரே ஒரு கோயிலுக்குச் செல்வதும், குழந்தை உறங்கும், பாலருந்தும் நேரத்தைக் கணக்கிட்டுப் பயணத்தை அமைப்பதும் பக்தியில் குறை ஆகா. தெய்வம் தந்த குழந்தையைக் காப்பதும் வழிபாடே.

ஆண்டுகள் உருண்டன. காசு முடிந்த மஞ்சள் துணிகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. கடைசியாக, இரண்டு வயது நிறைந்த பேத்தியோடு ஆனி மாதத்தில் ஒரு நாள் குடும்பம் பழனிக்குப் புறப்பட்டது. தாத்தாவுக்கு அப்போது எண்பதாம் வயது. அடிவாரத்தில் முடியிறக்கும்போது பேத்தி ஊரைக் கூட்டி அழுதாள். மொட்டைத் தலையில் சந்தனம் பூசியதும் குளிர்ச்சியில் அழுகை நின்றது. 693 படிகளுள் முதல் பதினைந்து படிகளைத் தாத்தாவின் விரலைப் பிடித்துக்கொண்டு தானே ஏறினாள். "அரோகரா" என்று எல்லோரும் சொல்ல, அவளும் மழலையில் "அலோகலா" என்றாள். அதற்குமேல் இருவருக்கும் கால் வலித்தது. விஞ்சில் மலை ஏறினார்கள்.

தரிசனம் முடிந்து வெளியே வந்து, தாத்தா பஞ்சாமிர்தத்தை மோதிர விரலால் தொட்டுப் பேத்தியின் நாவில் வைத்தார். அவள் சப்புக்கொட்டிவிட்டு, "இன்னும்" என்று கை நீட்டினாள்.