கொந்தராத்து வேலையும் எமது பிள்ளைகளும்

காணியை இழந்த கமக்காரக் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இன்று மண்வெட்டி பிடிப்பதில்லை. வைத்தியசாலை, வங்கி, காரியாலயம், கடைத்தொகுதி ஆகியவற்றின் வாசலில் காவலாளிகளாக நிற்கிறார்கள். அல்லது உள்ளே தும்புத்தடியும் வாளியுமாகத் துப்புரவு செய்கிறார்கள். ஆனால் வைத்தியசாலையில் வேலை செய்யும் பிள்ளை வைத்தியசாலையின் ஊழியர் அல்லர். இடையில் ஒரு நிறுவனம் இருக்கிறது. சம்பளம் அதனூடாகவே வருகிறது. இந்த இடைநிலையைப் பற்றி நாம் சற்று ஆழமாகச் சிந்திக்க வேண்டியுள்ளது.

கட்டடங்களைப் பராமரிக்கும் வேலையை வெளியாருக்குக் கொந்தராத்தாகக் கொடுப்பது புதிய விடயமன்று. 1901இல் கோப்பன்ஹேகன் நகரில் இராக்காவல் நிறுவனமாகத் தொடங்கிய ஐ.எஸ்.எஸ். 1934இல் துப்புரவு வேலையையும் ஏற்று, இன்று உலகின் மிகப் பெரிய கட்டடப் பராமரிப்பு நிறுவனங்களுள் ஒன்றாக வளர்ந்திருக்கிறது. காவல், துப்புரவு, தோட்டவேலை, லிஃப்ட், குளிரூட்டி, மின்பிறப்பாக்கி என அனைத்தையும் ஒரே ஒப்பந்தத்தில் எடுக்கும் நிறுவனங்கள் இப்போது எமது நாட்டிலும் உள்ளன.

இதில் நியாயம் இல்லை என்று நாம் சொல்லவில்லை. லிஃப்டைத் திருத்தத் தேர்ச்சி பெற்றவர் வேண்டும். அவரை ஒவ்வொரு கட்டடமும் தனித்தனியே வைத்திருக்க முடியாது. ஆனால் துப்புரவும் காவலும் அப்படியல்ல. அங்கே செலவின் மிகப் பெரும் பங்கு மனிதரின் கூலியே. ஆகவே குறைந்த விலைக்குக் கேள்வி போடும் நிறுவனம் எதைக் குறைத்து அந்த விலைக்கு வந்தது? சவர்க்காரத்தைக் குறைத்து எவ்வளவுதான் மிச்சம் பிடிக்கலாம்? வெங்காயத்தைத் தோட்டத்திலேயே மலிவாக வாங்கிச் சந்தையில் விற்கும் தரகரை நாம் அறிவோம். இங்கே விற்கப்படுவது எமது பிள்ளைகளின் உழைப்பு.

கணக்கைப் பார்ப்போம். 2016இல் 10,000 ரூபாவாக இருந்த தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம், 2025இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி அவ்வாண்டு ஏப்ரலில் 27,000 ரூபாவாகவும் 2026 ஜனவரியிலிருந்து 30,000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. இந்த 30,000 ரூபாவுக்கு மேலதிகமாக, தொழில்தருநர் ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதமும் (3,600 ரூபா), ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் (900 ரூபா) தமது பணத்திலிருந்து செலுத்த வேண்டும். எனவே முழுநேரத் தொழிலாளி ஒருவருக்கு 34,500 ரூபாவுக்குக் குறைவான விலையில் எவரும் சட்டப்படி ஒப்பந்தம் எடுக்க முடியாது. சீருடை, மேலதிக நேரக் கொடுப்பனவு, நிறுவனத்தின் இலாபம் எல்லாம் அதற்கு மேல். அதற்குக் குறைவான கேள்வியை ஏற்றுக்கொள்ளும் காரியாலயத்துக்கும் தொழிலாளியின் பங்கு எங்கே போகிறது என்று தெரியும்.

இன்னொரு இழப்பு கண்ணுக்குத் தெரியாதது. 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, பதினைந்து பேருக்குக் குறையாத நிறுவனத்தில் ஐந்து வருடம் தொடர்ந்து வேலை செய்தவருக்கு, விலகும்போது வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் கிடைக்க வேண்டும். ஆனால் கேள்வி மாறும்போது நிறுவனம் மாறுகிறது. அதே பிள்ளை அதே மண்டபத்தைக் கூட்டுகிறது. சட்டையின் நிறம் மாத்திரம் மாறுகிறது. சேவைக்காலம் மறுபடியும் முதலாம் நாளிலிருந்து தொடங்குகிறது. பத்து வருடம் உழைத்தும் ஐந்து வருடம் நிறைவதில்லை.

மற்றைய நாடுகள் என்ன செய்தன? ஒப்பந்தகாரர் கூலி கொடுக்கத் தவறினால் வேலை செய்விக்கும் பிரதான நிறுவனமே கொடுக்க வேண்டும் என்று இந்தியா 1970இல் சட்டம் செய்தது. பிரித்தானியாவில் 1983 முதல் அரச வைத்தியசாலைகளின் துப்புரவு கேள்விக்கு விடப்பட்டது. தொற்றுநோய்கள் பற்றிய கவலை பெருகிய பின், 2008இல் ஸ்கொட்லாந்து அரசு இனிமேல் வைத்தியசாலைத் துப்புரவைத் தனியாருக்குக் கொடுப்பதில்லை எனத் தீர்மானித்தது. அகமதாபாத்தில் தெருவிலே காகிதம் பொறுக்கி வாழ்ந்த பெண்கள், சேவா சங்கத்தின் துணையுடன் 1980களில் சௌந்தர்யா என்ற கூட்டுறவுச் சங்கத்தை அமைத்து, காரியாலயங்களைத் துப்புரவு செய்யும் ஒப்பந்தங்களைத் தாமே எடுத்தார்கள்.

இந்தக் கடைசி உதாரணமே எம்மை அதிகம் சிந்திக்க வைக்கிறது. கூட்டுறவு எமக்குப் புதியதா? கள்ளிறக்கும் தொழிலாளர் வடக்கிலே சங்கம் அமைத்துத் தமது தொழிலைத் தாமே நடத்தவில்லையா? துப்புரவுக்கும் காவலுக்கும் பெரிய மூலதனம் தேவையில்லை. நேர்மையான கணக்கும் கட்டுப்பாடும் பயிற்சியுமே தேவை. ஒரு பிரதேசத்தில் இருபது பேர் ஒன்றுசேர்ந்தால், அருகிலுள்ள பாடசாலை, வங்கி, பிரதேச சபை ஆகியவற்றின் துப்புரவு வேலையைக் கேட்கலாம். காவல் வேலைக்கு மாத்திரம் 1998ஆம் ஆண்டின் சட்டப்படி பாதுகாப்பு அமைச்சில் பதிவு வேண்டும். பிரதேச சபைகளும், பொது நிறுவனங்களை நடத்தும் நாமும், விலையை மட்டும் பாராது, சேமலாப நிதி ஒழுங்காகக் கட்டப்பட்டதா என்பதையும் பார்த்தே ஒப்பந்தம் கொடுக்க வேண்டும்.

அதுவரை ஒவ்வொரு குடும்பமும் செய்யக்கூடியது ஒன்றுண்டு. வேலைக்குப் போகும் பிள்ளையிடம் நியமனக் கடிதம் தந்தார்களா, மாதச் சம்பளப் பற்றுச்சீட்டு வருகிறதா, சேமலாப நிதி இலக்கம் என்ன என்று கேளுங்கள். அந்தத் தாள்களைக் காணி உறுதியைப் போலப் பத்திரப்படுத்துங்கள். சேமலாப நிதி கட்டப்படவில்லையெனில் அருகிலுள்ள தொழிற் காரியாலயத்தில் முறையிடலாம். அதற்குப் பணம் கட்டத் தேவையில்லை. கேட்டால் வேலை போய்விடும் என்ற பயம் நியாயமானதே. அதனால்தான் ஒருவராகக் கேளாமல் பத்துப் பேராகக் கேட்க வேண்டும்.

நிலத்தை இழந்தவனுக்கு எஞ்சிய சொத்து அவனது உழைப்பு ஒன்றே. அதையும் அடிமாட்டு விலைக்குப் போகவிடலாகாது.