உங்களிடம்தானே சொன்னேன்!

சென்ற மாதம் ஒரு தந்தையிடமிருந்து நமக்கு மடல் ஒன்று வந்தது. அவர் ஓய்வு பெற்ற ஆசிரியர். அவருடைய மகள் சமூகப் பணியியலில் முதுகலை இறுதியாண்டு மாணவி. தனித்து நின்று குடும்பம் நடத்தும் பெண்களைக் குறித்து ஆய்வேடு எழுதுகிறாள். 18 பெண்களை அவரவர் வீட்டிலேயே கண்டு பேசி, அவர்களுடைய இசைவுடன் அப்பேச்சைக் கைப்பேசியில் பதிவு செய்திருக்கிறாள். இனி அவை அனைத்தும் எழுத்தில் வரவேண்டும். ஆய்வேட்டை ஒப்படைக்க எஞ்சியிருப்பதோ இரண்டே மாதம். உடன் பயில்வோர் தங்கள் பதிவுகளைக் கல்லூரி வாயிலில் உள்ள தட்டச்சுக் கடையில் கொடுத்துவிடுகின்றனராம். தானும் அவ்வாறே செய்யப் பணம் அனுப்பும்படி மகள் கேட்கிறாள். “பணம் பெரிதன்று. ஆனால், பிறர் கையால் செய்வித்ததைத் தன் ஆய்வு என்று அவள் கொடுப்பது முறையாகுமா? நான் பணம் அனுப்பலாமா, கூடாதா?” என்று கேட்டு மடலை முடிக்கிறார் அத்தந்தை.

கல்லூரியில் பயிலும் பிள்ளைகள் நம் இல்லங்கள் பலவற்றில் இருக்கின்றனர். ஆதலால் இவ்வினாவை எல்லாருக்கும் பொதுவாகவே எடுத்துக்கொள்வோம்.

முதற்கண் அப்பெண்ணின் பக்கம் நின்று ஒன்று கூறவேண்டும். அவள் சோம்பலால் கேட்கவில்லை. ஒரு மணி நேரப் பேச்சைக் கேட்டு எழுதப் பழகிய கைக்கே 4 முதல் 6 மணி நேரம் பிடிக்கும். பழகாத மாணவிக்கு அதனினும் மிகும். 18 பேர், ஆளுக்கு ஒரு மணி நேரம் என்று கொண்டாலும் 100 மணி நேர உழைப்பாகிறது. இவ்வேலையைக் கூலி கொடுத்துச் செய்விப்பது ஆய்வுலகில் புதியதன்று. பெரிய பல்கலைக்கழகங்களின் பேராசிரியர்களும் செய்விக்கின்றனர். ஆய்வேட்டையே பிறரைக்கொண்டு எழுதுவிப்பது ஏமாற்று. ஒலியை எழுத்தாக்க உதவி பெற்று, அவ்வுதவியை ஆய்வேட்டிலேயே வெளிப்படக் கூறுவது ஏமாற்று ஆகாது. ஆகவே, தந்தையார் அஞ்சிய குற்றம் இதில் இல்லை.

ஆனால் அவர் அஞ்சாத வேறொன்று இதில் இருக்கிறது. அதனை நாம் நூலில் கற்கவில்லை. தவறு செய்து கற்றோம்.

பல ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊரின் பழைய நாள்களைக் குறித்து எழுதும் பொருட்டு, முதியோர் சிலருடைய பேச்சை ஒலிநாடாவில் பதிவு செய்தோம். அவர்களுள் ஒரு மூதாட்டி ஊர்க்கதையோடு நில்லாமல், தம் மனக்குறையையும் கூறலானார். சொத்தைப் பிரித்துக் கொடுத்த பின்னர் மூத்த மகன் வீட்டில் தாம் பட்ட பாட்டைச் சொல்லி அழுதார். “இதை யாரும் கேட்க மாட்டார்கள், பாட்டி” என்று நாம் தேற்றினோம். திரும்பியதும், நேரமில்லை என்று நாடாக்களைத் தட்டச்சு செய்பவர் ஒருவரிடம் ஒப்படைத்தோம். அவர் நல்லவர்; வேலையும் பழுதில்லை. ஆனால் அவர் அம்மூதாட்டியின் மருமகளுக்கு உறவினர் என்பதை நாம் அறியவில்லை. நாடாவில் பெயர் இல்லை, குரல் இருந்ததே! ஒரு மாதத்திற்குள் அப்பேச்சு அவ்வீட்டுத் திண்ணைக்கே போய்ச் சேர்ந்தது. செய்தி அறிந்து நாம் ஓடினோம். மூதாட்டி நம்மை ஏசவில்லை. “தம்பி, ஒங்ககிட்டதானே சொன்னேன்?” என்று மட்டும் கேட்டார். அதற்கு நம்மிடம் விடை இருக்கவில்லை. இன்றும் இல்லை. (ஊரும் பேரும் இங்குக் கூறோம், கூறியவற்றிலும் சில அடையாளங்களை மாற்றியிருக்கிறோம்.)

ஆம், பேட்டி தருபவர் தம் பேச்சைக் காகிதத்தை நம்பித் தருவதில்லை. எதிரே அமர்ந்திருக்கும் ஆளை நம்பித் தருகிறார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட அறநெறி வழிகாட்டு விதிகளும், மனிதரிடம் ஆய்வு செய்வோர் விளக்கிக் கூறி இசைவு பெறவேண்டும், அறிந்ததை மறைவாகக் காக்கவேண்டும் என்றே வற்புறுத்துகின்றன. “நானும் என் நெறியாளரும் மட்டுமே கேட்போம்” என்று சொல்லி இசைவு பெற்ற ஒருத்தி, அப்பதிவைப் பென் டிரைவில் இட்டுக் கடையில் கொடுத்தால், அவள் விலைக்கு வாங்குவது உழைப்பை மட்டும் அன்று; கொடுத்த சொல்லையும் விற்றுவிடுகிறாள். கடைக்காரர் வேண்டாம், வீட்டில் உள்ள தம்பி தட்டச்சு செய்யட்டும் என்பதும் விடையாகாது. காசு வாங்காத அயற்செவியும் அயற்செவியே.

இனி இரண்டாவது செய்தி. நமது அந்நாடாக்களுள் ஒன்றில் வேறொரு பெண், “அவரு அந்த வருசமே போயிட்டாரு” என்றார். தட்டச்சுப் படியில் அது, “என் கணவர் அவ்வாண்டே காலமானார்” என்று செந்தமிழில் வந்திருந்தது. உண்மையிலோ அவர் காலமாகவில்லை; குடும்பத்தை விட்டுப் போயிருந்தார். மகளின் திருமணத்திற்கு வந்து பந்தலில் நின்றதையும் அப்பெண்ணே நம்மிடம் கூறியிருந்தார். ஒரு சொல்லைத் திருத்தியதில் கைவிடப்பட்டவர் கைம்பெண் ஆகிவிட்டார்! தனித்து வாழும் பெண்களை ஆராயும் மாணவிக்கு இது சிறு பிழையா? தமிழக அரசின் ஓய்வூதியத் திட்டங்களிலேயே ஆதரவற்ற விதவைக்கு ஒன்று, கணவனால் கைவிடப்பட்டவருக்கு வேறொன்று என வகை பிரிந்திருக்கிறதே!

நம் மொழியில் பேச்சு ஒன்று, எழுத்து ஒன்று. கேட்டு எழுதுபவர் பேச்சைத் ‘திருத்தி’ எழுதுவதையே தம் கடமை என்று எண்ணுகிறார். சிரிப்பையும் பெருமூச்சையும் பாதியில் நின்ற சொல்லையும் அழுக்கு என்று துடைத்துவிடுகிறார். அவ்வழுக்கில்தான் பல வேளை உண்மை இருக்கிறது. கெயில் ஜெஃபர்சன் என்னும் அமெரிக்கப் பெண்மணி 1963-இல் கலிபோர்னியாவில் தட்டச்சு எழுத்தராக வேலைக்குச் சேர்ந்து, சிறைக்காவலர் பயிற்சிக் கூட்டங்களின் ஒலிப்பதிவுகளை எழுத்தாக்கினார். பின்னாளில் அவரே, பேச்சின் இடைநிறுத்தத்தையும் சிரிப்பையும் ஒருவர் பேச்சில் மற்றவர் குறுக்கிடுவதையும் எழுத்தில் காட்டும் குறியீட்டு முறையை வகுத்தார். உலகெங்கும் உரையாடல் ஆய்வாளர்கள் அதனைக் கையாளுகின்றனர். எழுத்தாக்கம் வெறும் கைவேலை அன்று, செவியின் கல்வி என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

“கடை வேண்டாம், இயந்திரமே எழுதித் தருகிறதே” என்று இன்றைய பிள்ளைகள் கூறக்கூடும். விஸ்பர் என்னும் மென்பொருளைச் சோதித்த அமெரிக்க ஆய்வாளர்கள் 2024-இல் வெளியிட்ட முடிவு இங்கு நினைக்கத்தக்கது. அவர்கள் கொடுத்த ஆங்கிலப் பதிவுத் துண்டுகளில் ஏறக்குறைய 100-க்கு 1 வீதம், பேசியவர் சொல்லவே சொல்லாத வாசகங்கள் முளைத்திருந்தன. இடையிடையே நெடுநேரம் பேச்சு நின்றவர்களின் பதிவுகளில் இக்குறை மிகுந்திருந்தது. துயரம் தொண்டையை அடைக்க ஒரு தாய் வாய் மூடியிருக்கும் இடத்தில், இயந்திரம் தன் சொல்லை இட்டு நிரப்பலாம் என்பதை எண்ணிப் பாருங்கள். அன்றியும், இணையவழிச் சேவையில் ஏற்றும் பதிவு நம் கையைவிட்டு வேறொருவருடைய கணினிக்குப் போகிறது. அது அங்கு எத்தனை நாள் இருக்கும், யார் கேட்பர் என்பதை அறியாமல் ஏற்றுவது தகாது.

அப்படியாயின் அம்மாணவி செய்யத்தக்கது யாது? நமக்குத் தோன்றுவதைக் கூறுகிறோம்.

இசைவு பெற்றபோது என்ன சொன்னோம் என்பதை அவள் முதலில் நினைவுகூரட்டும். பிறர் கேட்பதற்கு அதில் இடமில்லையேல், நெறியாளரிடம் கூறி, அப்பெண்களிடம் மீண்டும் சென்று கேட்கட்டும். மறுப்பவரின் பதிவையும், கண்ணீரோடு பேசியவரின் பதிவையும் தானே எழுதட்டும். எஞ்சியவற்றைப் பெயர், ஊர் வரும் இடங்களை நீக்கிவிட்டு, அவ்வட்டாரத்தோடு தொடர்பில்லாத ஒருவரிடம் கொடுக்கலாம். அவரிடம் மறைகாப்பு உறுதியை எழுத்தில் பெறவேண்டும். வேலை முடிந்ததும் படிகளை அழித்துவிடச் சொல்லவேண்டும். பேசிய சொல்லைப் பேசியவாறே எழுதச் சொல்லவேண்டும். பிறர் துயரை மணிக்கணக்கில் கேட்டு எழுதுவது மனத்தை அழுத்தும் வேலை. ஆகவே கூலியில் பேரம் பேசலாகாது. எழுத்துப்படி வந்தபின், பதிவை மீண்டும் ஓடவிட்டு, வரிக்கு வரி அவளே ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். இவ்வொன்றைப் பிறரிடம் ஒப்படைக்க முடியாது. அடுத்து ஆய்வில் இறங்கும் மாணவர்களுக்கு ஒரு சொல்: பேட்டி கண்ட அன்று மாலையே எழுதத் தொடங்குங்கள், 100 மணி நேரம் ஒரே நாளில் வந்து கதவைத் தட்டாது.

மடல் எழுதிய தந்தைக்கு நம் விடை இதுவே: ஐயா, பணம் அனுப்புங்கள். ஆனால் அனுப்புமுன் மகளிடம், “அம்மா, அந்தப் பெண்களிடம் நீ என்ன சொல்லி வந்தாய்?” என்று ஒரு கேள்வி கேளுங்கள். அவள் சற்றே நிறுத்திச் சிந்திப்பாளாயின், அவள் கற்ற சமூகப் பணி வீண் போகவில்லை என்று நீங்கள் மகிழலாம். பட்டம் பெற்றபின், அப்பதினெட்டு வீடுகளில் எந்த வீட்டின் வாசலிலும் அவள் கூசாமல் போய் நிற்கமுடிய வேண்டும். நம்மால் ஒரு வாசலில் அவ்வாறு நிற்க முடியவில்லை.