சுமேரியர் நம் முன்னோர் அல்லர்

இன்றைய தெற்கு ஈராக்கில் உலகின் முதல் நகரங்களைக் கட்டிய சுமேரியர் தமிழரே என்ற பேச்சுக்கு விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துக் கூட்டங்களிலும் கைதட்டல் கிடைக்கிறது. அப்பக்கத்துக் கீழ்வாலைப் பாறை ஓவியங்களையும் சாட்சிக்கு இழுக்கிறார்கள். தமிழின் பழமை மீது மதிப்பு இருப்பதாலேயே இதை மறுக்க வேண்டியிருக்கிறது.

முதலில் முகச்சாயல். சுமேரியச் சிலைகள் தென்னிந்தியரைப் போல் இருக்கின்றன என்று 1913இல் எச்.ஆர். ஹால் என்ற ஆங்கிலேய வரலாற்றாசிரியர் எழுதினார். சிற்பி தன் மரபுப்படி கண்ணையும் மூக்கையும் பெரிதாக வடித்திருக்கிறான். அதைக் கொண்டு இனத்தைச் சொல்லிவிட முடியாது.

அடுத்தது மொழி. தமிழைப் போலவே சுமேரியமும் சொல்லோடு ஒட்டுகளை அடுக்குகிறது என்பார்கள். துருக்கியும் ஜப்பானியமும்கூட அப்படித்தான். சுமேரில் 'ஊர்' என்றொரு நகரம் இருந்ததே என்றால், அந்நாட்டார் அதை 'உரிம்' என்றார்கள். உறவு பார்க்க எண்ணுப்பெயர்கள் நல்ல சோதனை. பலுசிஸ்தானத்துப் பிராகுயி மொழியில் இரண்டு 'இரட்', மூன்று 'முசிட்'. அத்தனை தூரத்திலும் நம் உறவு தெரிகிறது. சுமேரியத்திலோ இரண்டு 'மின்', மூன்று 'எஷ்', நான்கு 'லிம்மு'.

அப்படியானால் தொடர்பே இல்லையா? வணிகம் இருந்தது. மெலுக்கா நாட்டுக் கப்பல்கள் தன் துறையில் நிற்பதாக சுமேரையும் ஆண்ட அக்காதிய மன்னன் சார்கோன் பெருமை பேசினான். அது கி.மு. 2300ஐ ஒட்டிய காலம். மெலுக்கா சிந்துவெளியே என்பது ஆய்வாளர் பெரும்பாலோரின் கருத்து. அந்தக் காலத்து உருளை முத்திரை ஒன்று பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் உடைமையாளர் ஷு-இலிஷு. தொழில், மெலுக்கா மொழிபெயர்ப்பாளர். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரருக்கு ஆனந்தரங்கப் பிள்ளை இருந்ததுபோல அங்கே ஒரு துபாஷி! சிந்துவெளியினர் பேசியது திராவிட மொழி என்று கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் வாதிட்டார். அவர் சொன்னது சரியென்றே கொள்வோம். சுமேரியம் இன்னும் வழக்கில் இருந்த நாட்டில் அந்த மொழிக்குத் துபாஷி எதற்கு? இரண்டும் ஒன்றாக இருந்தால் அவருக்கு வேலையே இருந்திருக்காது.

நம் கோபுரமும் சுமேரியக் கோயில் மேடையான சிகுராட்டும் ஒன்றென்பதும் நிற்காது. ஊர் நகரத்தில் மன்னன் ஊர்-நம்மு கி.மு. 2100 வாக்கில் எழுப்பியது உள்ளே அறையில்லாத செங்கல் மேடை. கோபுரம் வாசல், அதுவும் 3000 ஆண்டுகள் பிந்தியது. நிலமும் வேறு. சுமேர் கல்லில்லாத, மழை அரிதான நாடு. யூப்ரடீஸ் ஆற்றுக் கால்வாயில் வாற்கோதுமை விளைந்தது. கூலியும் அந்தத் தானியமே: ஆணுக்கு மாதம் 60 சிலா, பெண்ணுக்குப் பெரும்பாலும் 30. ஒரு சிலா ஏறத்தாழ ஒரு லிட்டர். நம்முடையது ஏரிப் பாசனமும் கருங்கல்லும் உள்ள நிலம். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இல்லாமல் கோயில் எடுத்தேன் என்று பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் கல்வெட்டில் பெருமைப்பட்ட மண்டகப்பட்டு, விழுப்புரம் மாவட்டத்தில்தான் இருக்கிறது.

கீழ்வாலையில் இருப்பவை செங்காவி ஓவியங்கள். சில குறிகள் சிந்துவெளிக் குறிகளை ஒத்திருப்பதாகச் சொல்வோர் உண்டு; யாரும் அவற்றை ஐயமற வாசித்துக் காட்டவில்லை. தானியக் கணக்குக்காக ஈரக் களிமண்ணில் பிறந்த சுமேரிய எழுத்துக்கும் இவற்றுக்கும் சம்பந்தமில்லை. பழமையைக் காட்ட யூப்ரடீஸ் வரை போவானேன்? சங்க நூலான சிறுபாணாற்றுப்படையின் பாட்டுடைத் தலைவன் ஓய்மாநாட்டு நல்லியக்கோடன். அவனுடைய ஊரான கிடங்கில், இன்றைய திண்டிவனத்துக்குள்ளேயே இருக்கிறது.