சின்ன காரைக் கொடுத்து, பழைய செடான் வாங்கலாமா?

ஒன்பது வருடம் ஓடிய சின்ன காரைக் கொடுத்து, மேலே 1 லட்சம் ரூபாய் போட்டு, 13 வருடப் பழைய செடான் காரை வாங்கலாமா என்று வளவனூர் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். கையில் இருப்பது கரும்புப் பணம். வீட்டில் ஐந்து பேர்.

செடானில் தாராளமாக உட்காரலாம், டிக்கியும் பெரிது. ஆனால், மாதம் 600 கி.மீ ஓடினால், லிட்டருக்கு 20 கி.மீ தரும் காருக்கு 30 லிட்டர் பெட்ரோல் போதும். 12 கி.மீ தரும் காருக்கு 50 லிட்டர் வேண்டும். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலே, வருடத்துக்கு 24,000 ரூபாய் கூடுதல். டயர், ரிப்பேர் செலவு தனி.

சொந்தக் காருக்குப் பதிவு 15 வருடம்தான். அந்த செடானுக்கு இரண்டே வருடத்தில் எஃப்.சி காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். பசுமை வரியும் உண்டு.

முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குப் பெரியவர்களை அழைத்துப் போக சின்ன காரே போதும். கல்யாணம், கோயில் என்றால் வாடகை வண்டி மலிவு. கரும்புப் பணம் அடுத்த நடவுக்கு இருக்கட்டும்.

அப்படியும் மாற்றுவதானால், செடானின் ஆர்.சி-யில் பதிவுத் தேதி, கடன் குறிப்பு இரண்டையும் பாருங்கள். பழக்கமான மெக்கானிக்கை விட்டு ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கொடுக்கும் காருக்குப் படிவம் 29, 30-ல் கையெழுத்திட்டதோடு விடாமல், பெயர் மாறியதையும் உறுதி செய்யுங்கள். விபத்து நஷ்டஈட்டுக்குப் பதிவில் பெயர் உள்ளவரே பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.